பின்கதவுக்கு இரண்டு மீட்டர்

டியோலிண்டா ஃபுர்த்தாடோ டொராண்டோவில் இருபத்திரண்டு வருஷம் டிராம் ஓட்டியவள். காலேஜ் தெருவில் டிராம் நடுச்சாலையில்தான் நிற்கும். இறங்குகிறவர்கள் கார் போகும் பாதையைத் தாண்டித்தான் நடைபாதை ஏற வேண்டும். கதவு திறந்திருக்கும்வரை, பின்னால் வரும் வண்டி பின்கதவுக்கு இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம். சட்டத்தை மட்டும் நம்பி அவள் ஒருநாளும் கதவைத் திறந்ததில்லை. கண்ணாடியில் பார்த்து, வருகிற வண்டி முழுசாக நின்ற பிறகுதான் பொத்தானுக்குக் கை போகும். தன் கதவில் இறங்கும் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழக்கூடாது, அவ்வளவுதான் அவள் வேண்டுதல்.

"என்னம்மா, கதவு துருப்பிடிச்சிருச்சா?" என்று உள்ளே நிற்கும் பயணிகள் கத்துவார்கள்.

"கால் உடைஞ்சா இன்னும் லேட்டாகும். கம்முனு நில்லுங்க!"

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டிலும் இதே பல்லவிதான். பேக்கரி வேன் ஓட்டும் தம்பி ஏலியோதான் மாட்டுவான்.

"உப்பு மீனையாவது நிம்மதியா முழுங்க விடுக்கா. உன் பாடம் எனக்குத் தலைகீழா தெரியும்."

நவம்பர் மாதக் காலை, தூறல். கண்ணாடியில் தம்பியின் மஞ்சள் வேன் தெரிந்தது. நிற்கவில்லை, வந்துகொண்டுதான் இருந்தது. நம்ம ஏலியோதானே, நின்றுவிடுவான் என்று பொத்தானை அழுத்திவிட்டாள். பாவி, அந்த ஒரே ஒரு தடவை!

முதலில் இறங்கியது தையல்கடை ஹலினா அம்மாள். வேன் அவரை அடித்துத் தள்ளியது. இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது.

ஏலியோ ஓடி வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உன் டிராம்னு தெரிஞ்சுதான்க்கா நிக்காம வந்தேன். பின்னால வர்ற வண்டி நிக்காம நீ கதவைத் திறக்கவே மாட்டியே!"

அவள் ஹலினா அம்மாளின் பக்கத்தில் போய் மண்டியிட்டாள்.

ஆம்புலன்ஸ் போனபின் போலீஸ்காரர் நோட்டை எடுத்தார். "சட்டப்படி தப்பு வேன் மேலதாம்மா. நீங்க உங்க டிராம் நம்பரை மட்டும் சொன்னாப் போதும்."

நம்பரைச் சொன்னாள். அவர் நோட்டை மூடப் போனார்.

"இருங்க, இன்னும் முடியல. அந்த வேனை ஓட்டினது என் தம்பி. வேன் நிக்கலன்னு கண்ணாடியில பார்த்தேன். பார்த்துட்டுத்தான் திறந்தேன். வேற எவன் வந்திருந்தாலும் திறந்திருக்க மாட்டேன். அதையும் எழுதிக்கோங்க."

எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு டிராமில் ஏறி, திறந்தே கிடந்த கதவை மூடினாள். அதற்கப்புறம் அவள் டிராம் ஓட்டவேயில்லை.