இடது பக்க சீட்டின் சூடு

திருவொற்றியூரில் வண்டிகளுக்குப் பாடி கட்டும் எங்கள் ஷெட்டிலிருந்து ஒரு கேரவன் வேன் கிளம்பிப் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. அது நின்ற இடத்தில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. பெண்கள் போடும் செருப்பு, இடது கால். என் கூட்டாளி டிங்கர் பாஷா அதை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். அடியிலிருந்து ஒரு ரிவெட் ஆணி உள்ளே ஏறியிருந்தது. ஆணியைச் சுற்றி ரத்தம், இன்னும் முழுசாகக் காயவில்லை.

"இன்னா மாமு இது? இம்மாம் பெரிய ஆணி ஏறிக்கீது, அந்தம்மா ஒரு வார்த்த சொல்லல?"

நான் உடனே போனை எடுத்தேன். ஏன் என்று புரிய வேண்டுமானால் அந்த வண்டியில் நாங்கள் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. பானட்

வண்டியின் சொந்தக்காரர்கள் தனசேகரும் அவர் மனைவி கன்னியம்மாவும். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தம்மா காசிமேட்டில் முப்பது வருஷம் மீன் ஏலம் விட்டவர். இனிமேலாவது ஊர் சுற்றுவோம் என்று பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்துத் தரச் சொன்னார்கள்.

அந்த வேனில் முன்சீட்டுகள் இரண்டுக்கும் நடுவே, ஒரு மூடிக்குக் கீழேதான் இன்ஜின். அந்த மூடியைத்தான் பானட் என்போம். இன்ஜின் சூடு, சைலன்சர் பைப் சூடு இரண்டும் நேராக கேபினுக்குள் வந்துவிடும். முதல் ட்ரையல் போய்விட்டு வந்த தனசேகரின் சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் தேறும்.

"நைனா, இது வண்டியா, இட்லி குண்டானா? உள்ள வெந்துட்டன்யா" என்றார்.

பானட் ஓரத்தில் ரப்பர் பீடிங் மக்கிப் போயிருந்தது. மாற்றினோம். கியர் ராடும் கேபிளும் போகும் ஓட்டைகளை கிராமெட் என்கிற ரப்பர் வளையம் போட்டு அடைத்தோம். சூடு மட்டுமல்ல, புகையும் அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வரும், அது ஆளையே கொல்லும். இன்ஜின் புகை வெளியேறும் மேனிஃபோல்டில் கேஸ்கட் கசிந்தது, அதையும் மாற்றி, பானட்டின் அடியில் ஃபாயில் ஒட்டிய ஹீட் ஷீட் போட்டோம். டிரைவர் பக்கம் சூடு அடங்கிவிட்டது.

இடது பக்கத்தில்தான் நான் கோட்டை விட்டேன். கழிவுத் தண்ணீர் டேங்கைப் பொருத்த இடம் போதாமல், சைலன்சர் பைப்பை இடது பக்கம் நான்கு விரல் தள்ளி வைத்திருந்தேன். பைப்புக்கும் கேபின் தரைக்கும் இடையில் ஒரு தகடு தொங்க வேண்டும். தகட்டுக்கு மேலும் கீழும் காற்று ஓட இடம் வேண்டும். அந்தக் காற்றுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், டேங்கைத் திரும்ப இறக்க சோம்பல்பட்டு, மீதியிருந்த ஃபாயிலைத் தரையின் அடியில் ஒட்டிவிட்டு, இது போதும் என்று விட்டுவிட்டேன்.

2. பத்து எண்ணுவது

எங்கள் ஷெட்டில் சூடு பார்க்க ஒரு வழக்கம் உண்டு. இன்ஜினை அரை மணி நேரம் ஓடவிட்டு, செருப்பைக் கழற்றி, வெறுங்காலைத் தரையில் வைத்துப் பத்து எண்ண வேண்டும். பத்து வரை காலை எடுக்காவிட்டால் வேலை பாஸ். சூடு அளக்கும் மெஷின் கடையில் விற்கிறது. ஆனாலும் கால்தான் எங்களுக்கு மீட்டர்.

டெலிவரி அன்று காலை டிரைவர் பக்கம் நான் பார்த்துவிட்டேன். இடது பக்கம் போனால், அலமாரிகளை எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுக் கன்னியம்மா ஏற்கெனவே சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். அன்றைக்கே விஜயவாடாவில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்புகிற அவசரம்.

"கொஞ்சம் எறங்குங்கக்கா, நான் பாக்கணும்."

"ஏறினது ஏறினதுதான். எனுக்கும் ரெண்டு காலு கீது, நானே பாக்கறேன்."

இடது செருப்பை உதறிவிட்டுப் பாதத்தை அழுத்தி வைத்தார். ஏலம் விடுகிற ராகத்தில் பத்து எண்ணினார். பத்தோடு நிறுத்தாமல் இருபது வரை போனார். ஷெட்டே சிரித்தது. "ஐஸ் பொட்டி மாரி கீது நைனா!" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உதறிய செருப்பு கீழே விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

3. மணலி ரோடு

என் அண்ணனுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. ஒருமுறை பைக் சைலன்சரில் குதிகால் ஒட்டிக்கொண்டிருந்தது. தீய்ந்த வாடை வந்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. அதனால்தான் அந்த ஆணியைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. கன்னியம்மாவின் பாதத்துக்கு உணர்ச்சி இல்லை. நான் சூடு பார்த்தது மரத்துப்போன காலை வைத்து.

தனசேகருக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது போனைத் தொடமாட்டேன் என்பது அவர் கொள்கை. அந்தம்மாவின் போன் ஸ்விட்ச் ஆஃப். பைக்கை எடுத்தேன், பாஷா பின்னால் ஏறிக்கொண்டான்.

மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. நல்லவேளை, வேனும் இதில்தான் மாட்டியிருக்கும் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அடுத்த நிமிஷமே லாரிகளுக்கு நடுவே பைக்கை முறுக்கினேன். ஓடுகிற வண்டிக்கு அடியில் காற்றாவது போகும். நிற்கிற வண்டியில் பைப்பின் சூடு முழுக்க மேலே, அவர் காலுக்குத்தான் ஏறும். தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

"மெதுவா போ மாமு. நாம போய் சேந்தாதான அந்தம்மாவுக்கு சொல்ல முடியும்" என்றான் பாஷா.

மீஞ்சூருக்குக் கொஞ்சம் முன்னால் வேன் தெரிந்தது. இடது கண்ணாடியைத் தட்டினேன்.

"செருப்ப குடுக்கவா இம்மாந்தூரம் வந்த?"

"கால மேல தூக்குக்கா!"

கதவைத் திறந்து நானே இரண்டு கையாலும் அவர் காலைத் தூக்கினேன். பெருவிரலுக்குக் கீழே உள்ளங்கால் வெளுத்துக் கொப்புளித்திருந்தது. ஆணி குத்திய இடம் தனியாகத் தெரிந்தது. தரையில் என் உள்ளங்கையை வைத்தேன். மூன்று எண்ண முடியவில்லை.

"ஏம்மே, உனுக்கு ஒண்ணுமே தெரியலயா?" என்று கேட்டார் தனசேகர்.

அந்தம்மா தன் காலை யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தார். "ரெண்டு வருசமா மரத்துப் போய் கீதுய்யா. சொன்னா நீ டூரே வேணாம்னுடுவ."

தனசேகர் மனைவியைத் திட்டவில்லை. என் பக்கம் திரும்பினார். "எத்தினி வண்டி கட்டினவன் நீ. நீ ஏன்யா பாக்கல?" அந்தம்மாவைப் பின்னால் கட்டிலில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மூன்று மாதம் கட்டுப் போட்டார்கள். ஆணி ஏறிய இடத்தில் சீழ் வைத்து ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. கால் தப்பியது. ஆணியும் என் ஷெட்டு ஆணி, சூடும் என் வேலை. அந்த மூன்று மாதமும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

4. பொன்னேரி வரை

அதற்குள் டேங்கை இறக்கி, பைப்பைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய், அதற்குச் சூடு தாங்கும் ஹீட் துணி சுற்றி, மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டுத் தகட்டைத் தொங்கவிட்டோம். ஒரு நாள் கன்னியம்மா தடி ஊன்றிக்கொண்டு வந்தார். நான் தலையைத் தூக்கவில்லை.

"ஏறு. நீ ஒக்காரு என் சீட்ல. செருப்ப கழட்டு."

அவர் பின்னால் கட்டிலில் உட்கார்ந்துகொள்ள, தனசேகர் ஓட்டினார். கன்டெய்னர் நெரிசலில் நின்று நின்று பொன்னேரி வரை போனோம்.

"இன்னா நைனா, சுடுதா?"

"இல்லக்கா."

"என்னிய மாரி பொய் சொல்லாத. நெசமா சொல்லு."

"நெசமா சுடலக்கா" என்றேன். அழுதுவிட்டேன்.

இப்போது எந்த வண்டி வந்தாலும் சூடு அளக்கும் மெஷின் வைத்துப் பார்க்கிறேன். அதன்பிறகு ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மணி நேரம் நானே வெறுங்காலோடு உட்காருகிறேன். இந்த சீட்டில் யார் உட்காரப் போகிறார்கள், அவர்களுக்குச் சர்க்கரை உண்டா, கால் மரத்திருக்கிறதா என்று முகத்துக்கு நேராகக் கேட்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். முறைத்துவிட்டுப் போகட்டும்.