சகாவு ஜோய்ச்சனுக்குச் செவ்வணக்கம்

கண்ணூருக்கு வடக்கே, வளபட்டணம் ஆற்றை ஒட்டியிருந்த அந்தப் பீடிக் கொட்டகையில் முப்பது பெண்கள் தரையில் உட்கார்ந்து பீடி சுற்றினார்கள். ஒருத்தி மட்டும் ஜன்னலோரம் முக்காலியில் உட்கார்ந்து வாசித்தாள். அவள் பெயர் சௌமினி. வாசிக்கிறவளின் கை சும்மா இருக்கும், ஆனால் கூலி குறையக் கூடாது என்பதால், கேட்கிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பீடி எடுத்து அவள் முறத்தில் போட்டுவிடுவார்கள். சங்கத்தின் எந்த விதிப் புத்தகத்திலும் இது கிடையாது. அதனால்தான் யாரும் இதை மீறியதே இல்லை.

சௌமினிக்கு முன்னால் ஆண்கள் கொட்டகையிலிருந்து ஒருவர் வந்து வாசித்துக்கொண்டிருந்தார். கட்சிப் பத்திரிகையின் தலையங்கத்தை அவர் படித்தால் வீட்டில் யாரையோ திட்டுவது போலிருக்கும். ஒரு மழைக்காலத்தில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பத்தாவது வரை படித்தவள் என்பதால் சௌமினியைப் பிடித்து முக்காலியில் உட்கார வைத்தார்கள். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. அவருக்குத் தொண்டை சரியான பிறகும் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

காலையில் ஒரு மணி நேரம் கட்சிப் பத்திரிகை. மத்தியானம் கஞ்சி குடித்த பிறகு ஒரு மணி நேரம் இலக்கியம். இலக்கியம் என்றால் ருஷ்யாவிலிருந்து வந்த கெட்டி அட்டை நாவல்கள் என்பது சங்கச் செயலாளர் குஞ்ஞம்புவின் எண்ணம். கோட்டயத்தில் அச்சாகும் வாரிகையில், அதாவது வாரப் பத்திரிகையில், வரும் காதல் தொடர் என்பது மற்ற முப்பத்தொரு பேரின் எண்ணம். இந்த இரண்டு எண்ணங்களும் பல வருடம் ஒன்றையொன்று சந்திக்காமலே இருந்தன. குஞ்ஞம்பு மத்தியானம் தூங்குகிறவர்.

வாரிகை புதன்கிழமை வரும். கொட்டகையில் எல்லோருக்கும் அக்காவான நாணியேச்சியின் தம்பி பஸ் கண்டக்டர், அவன் கொண்டுவருவான். வாசித்து முடித்ததும் அது வீடு வீடாகப் போகும். அட்டை கிழிந்து, ஓரத்தில் மீன்குழம்பு பட்டு, கடைசியில் யாருடைய குழந்தைக்கோ கப்பலாகும். கதைகளில் வருகிறவர்கள் பெரும்பாலும் கிழக்கே மலைப்பக்கத்து ரப்பர் தோட்டத்துக் கிறிஸ்தவர்கள். கண்ணூர்ப் பெண்களில் பாதிப் பேர் ரப்பர் மரத்தையே பார்த்ததில்லை. ஆனால் பால் வெட்டுகிற ஜோய்ச்சன் எந்த மரத்தடியில் நின்று முதலாளி மகள் லிசம்மாவிடம் முதல் வார்த்தை பேசினான் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்வார்கள்.

சௌமினிக்கு வாழ்க்கையில் காதல் கிடைக்கவில்லை, அதைத்தான் கதையில் தேடுகிறாள் என்று நினைக்கிறவர்கள் உண்டு. குஞ்ஞம்புவும் அப்படித்தான் நினைத்தார். அவளுடைய புருஷன் பவித்ரன் தறி நெய்கிறவன், நல்லவன். பதினொரு வருடத்தில் அவன் சொன்ன அதிகபட்சக் காதல் வசனம், "இன்னைக்கு மத்தி நல்லா வந்திருக்கு" என்பது. சௌமினிக்கு அது போதுமாகவே இருந்தது. "பசி எடுத்தவதான் சமையல் குறிப்பு படிப்பான்னு யாரு சொன்னா?" என்பாள்.

ஜோய்ச்சன் கதை முடிந்து ஒரு வருடத்தில் அது படமாக வந்தது. வெள்ளிக்கிழமை கண்ணூர் டவுனில் ரிலீஸ். அன்றைக்குச் சாயங்காலம் அதே டவுனில், பழைய போராட்டத்தில் உயிர்விட்ட ரத்தசாட்சிகளின் நினைவு ஊர்வலம். மத்தியானம் இரண்டு மணிக்குக் கொட்டகையை அடைத்து எல்லோரும் வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஊர்வலம் ஐந்தரைக்கு.

"இரண்டரைக்கு மாட்டினி. அஞ்சேகாலுக்கு முடியும். ரெண்டும் பக்கத்துப் பக்கத்துத் தெரு" என்றாள் சௌமினி.

"சேதி தெரிஞ்சா குஞ்ஞம்பேட்டன் தோல உரிச்சிடுவாரு, எடி" என்றாள் நாணியேச்சி. அவள்தான் முதலில் செருப்பைத் தேடியவள்.

முப்பத்தொரு பேரும் இரண்டு வரிசையை அடைத்து உட்கார்ந்தார்கள். முதல் பாதியில் திரையைப் பார்த்துத் திருத்தம் சொன்னார்கள். "அவனுக்கு மீசை கிடையாது!" "அந்த லெட்டர இவ படிக்கவே கூடாது, அது அம்மா கைக்குத்தான் போகணும்!" பின்வரிசை ஆண்கள் உஸ் என்றார்கள். "நீங்க கதைய படிச்சீங்களா? படிக்கலேல்ல? வாய மூடுங்க" என்று பதில் போனது. இரண்டாம் பாதியில் சத்தமில்லை. கதையில் கல்யாணம் செய்துகொண்டு மலையிறங்கிப் போகும் ஜோய்ச்சனை, படத்தில் தோட்ட முதலாளியின் ஆட்கள் வெள்ளத்தில் தள்ளிக் கொன்றுவிட்டார்கள். இதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

அப்படியே போய் ஊர்வலத்தில் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் கண் வீங்கியிருந்தது, மூக்கு சிவந்திருந்தது. ரோகிணிக்கு விக்கலே நிற்கவில்லை. அவள் சௌமினியின் சிநேகிதி, பொய் சொல்லத் தெரியாதவள். இந்தக் கதையில் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். மாவட்டத்திலிருந்து வந்திருந்த பெரிய தலைவர் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தவர், அவள் முன்னால் நின்றுவிட்டார்.

"என்ன சகோதரி, உங்களுக்கு வேண்டப்பட்டவங்க யாராச்சும் போயிட்டாங்களா?"

"ஜோய்ச்சன கொன்னுட்டாங்க சகாவே." கட்சியில் தோழரைச் சகாவு என்பார்கள்.

"யாரு கொன்னா?"

"அந்த முதலாளியோட ஆளுங்கதான்."

"ஜோய்ச்சனுக்கு என்ன வேலை?"

"ரப்பர் வெட்டுக்காரன் சகாவே. கூலி கேக்கப் போனவன ஆத்துல தள்ளிட்டாங்க."

ஒவ்வொரு பதிலும் நிஜம். தலைவர் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். மேடையில் ரத்தசாட்சிகளின் பெயர்களைச் சொல்லி வந்தவர், கடைசியில் குரலை உயர்த்தினார்: "மலைநாட்டு முதலாளிகளின் குண்டர்களால் கொல்லப்பட்ட தோட்டத் தொழிலாளி, சகாவு ஜோய்ச்சனுக்கு!" ஆயிரம் கைகள் உயர்ந்து செவ்வணக்கம் சொல்லின. "இந்த பீடித் தொழிலாளிச் சகோதரிகளின் கண்ணீரைப் பாருங்கள். வர்க்க உணர்வு என்பது இதுதான்!" ரோகிணி மறுபடியும் அழ ஆரம்பித்தாள். இத்தனை பெரிய கௌரவம் ஜோய்ச்சனுக்குக் கிடைக்குமென்று கதை எழுதியவரே நினைத்திருக்க மாட்டார்.

மேடையில் தலைவருக்குப் பின்னால் நின்ற குஞ்ஞம்புவும் கையை உயர்த்தினார். வீட்டுக்குப் போகிற வழியில்தான் சுவரில் ஒட்டியிருந்த பட விளம்பரத்தில் ஜோய்ச்சன் என்ற பெயரைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. சௌமினியை நிறுத்தி வைத்துக் கேட்டார்கள்.

"ரப்பர் முதலாளி மகளுக்காக நீங்க எதுக்கு அழணும்?" என்றார் குஞ்ஞம்பு.

"அவ வெட்டுக்காரனக் கட்டிக்க ஒத்துக்கிட்டா சகாவே. நம்ம கமிட்டில யாரு வீட்டுல அப்படிக் கட்டிக் குடுத்திருக்கோம்?"

கமிட்டியில் இரண்டு பேர் மேசையைப் பார்த்தார்கள். குஞ்ஞம்பு தீர்ப்பைச் சொன்னார். வாரிகை இனிக் கொட்டகைக்குள் வரக் கூடாது. சௌமினி தன் தவறை உணர்ந்து சுயவிமர்சனம் எழுதி, எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். இல்லையென்றால் முக்காலியை விட்டு இறங்க வேண்டும்.

"நீயே உணர்ந்து எழுதணும்" என்ற குஞ்ஞம்பு, பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்துக் கொடுத்தார். "நேரமில்லன்னு நானே எழுதிட்டேன்."

பதினாறு பக்கம் இருந்தது.

சௌமினி வீட்டில் உட்கார்ந்து அதை இரண்டு முறை படித்தாள். பவித்ரன் எட்டிப் பார்த்து, "கையெழுத்து நல்லா இருக்கு" என்றான். முக்காலி போனால் என்ன போகும் என்று அவளுக்குத் தெரியும். கூலி போகாது; தரையில் உட்கார்ந்து சுற்றினால் அதே கூலிதான். போவது அந்த ஒரு மணி நேரம். அவள் ஒரு வாக்கியத்தை நிறுத்தினால் முப்பது ஜோடிக் கை கொஞ்சம் மெதுவாகும், தொடர்ந்தால் வேகம் பிடிக்கும். அந்த நேரத்தில் யாருக்கும் மாமியார் இல்லை, முதுகுவலி இல்லை. வாரிகையில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது நர்ஸ் ஷேர்லியின் கதை. அவள் எழுதிய கடிதங்கள் எல்லாம் வேறு யாரோ ஒளித்து வைத்த பெட்டிக்குள் கிடந்தன. முடிய இன்னும் ஐந்து வாரம்.

திங்கட்கிழமை கஞ்சி நேரத்துக்குப் பிறகு குஞ்ஞம்பு தூங்காமல் வந்து வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டார். சௌமினி முக்காலியில் ஏறி உட்கார்ந்து, தொண்டையைச் சரிசெய்து, தாளைப் பிரித்தாள். கட்சிப் பத்திரிகைக்கு ஒரு குரல், வாரிகைக்கு ஒரு குரல் என்று அவளிடம் இரண்டு உண்டு. இரண்டாவதை எடுத்தாள்.

"'நான் யார்?'" என்று ஆரம்பித்து நிறுத்தினாள். ஒரு பெருமூச்சு விட்டாள். "'ஏழைத் தொழிலாளியின் மகள். எனினும்... என் கால்கள் தடம் மாறின.'"

"ஐயோ, என்னாச்சு?" என்றாள் நாணியேச்சி.

"குறுக்கே பேசாதீங்க" என்றார் குஞ்ஞம்பு.

"'மாய உலகம் ஒன்று என்னைக் கைநீட்டி அழைத்தது. நான் மறுத்திருக்கலாம். மறுத்தேனா?'" மறுபடியும் ஒரு நிறுத்தம். கொட்டகையில் கத்திரிக்கோல் சத்தம் மெதுவானது. நாலாவது பக்கத்தின் கடைசி வரி, 'அன்று அந்தத் திரையரங்கின் வாசலில் நான் நின்றபோது' என்று முடிந்தது. சௌமினி தாளை மடித்தாள். "மீதி நாளைக்கு."

குஞ்ஞம்பு எழுந்துவிட்டார். "என்னது நாளைக்கு?"

"ஒரு மணி நேரம் ஆயிடுச்சு குஞ்ஞம்பேட்டா. வாசிப்பு ஒரு மணி நேரம்தான்னு நீங்கதானே முடிவு பண்ணீங்க?"

"சகாவே, வாசல்ல நின்னவ உள்ள போனாளா இல்லையா? அத மட்டும் சொல்லச் சொல்லுங்க!" என்று ரோகிணி கேட்டாள். அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. அன்று அவளும்தான் உள்ளே போனாள், ஆனால் கதை என்று வந்தால் அது வேறு விஷயம்.

அன்றைக்குச் சௌமினியின் முறத்தில் விழுந்த பீடி எந்தத் தொடருக்கும் விழுந்ததில்லை. செவ்வாய்க்கிழமை பக்கத்துக் கொட்டகையிலிருந்து ஏழு பேர் முறத்தோடு வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். புதன்கிழமை, "இதுவரை" என்று சொல்லி முன்கதைச் சுருக்கத்தோடு ஆரம்பிக்க வேண்டியிருந்தது. பிற்போக்குச் சக்திகள் வரும் இடத்தில் அவள் குரலைத் தாழ்த்திப் படித்ததில் இரண்டு பேருக்கு உடம்பு சிலிர்த்தது. குஞ்ஞம்புவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு வார்த்தைகூட அவள் மாற்றிப் படிக்கவில்லை. எல்லாம் அவர் எழுதியது. நடுவில் ஓரிடத்தில் அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை கடைசிப் பக்கம்.

"'எனவே தோழர்களே, இத்தகைய குப்பைகளை இனி ஒருபோதும் வாசிக்கவோ, பிறர் கேட்கச் செய்யவோ மாட்டேன் என்று...'"

நிறுத்தினாள். இந்த முறை அது நடிப்பில்லை. முப்பது ஜோடிக் கையும் நின்றது. பீடி சுற்றுகிற கை வேலை நேரத்தில் நிற்கவே நிற்காது.

"படி" என்றார் குஞ்ஞம்பு.

"மாட்டேன்."

"இன்னும் ரெண்டே வார்த்தைதான் சௌமினி. படிச்சிட்டா எல்லாம் முடிஞ்சுது."

"அதனாலதான் சகாவே. மத்ததெல்லாம் நீங்க எழுதுன கதை, நான் வாசிச்சேன். இந்த வரிய வாசிச்சா அது என் வாக்கு ஆயிடும்." தாளை மடித்து மடியில் வைத்தாள். "பத்து வருஷமா காலைல ஒலகத்துல இருக்கிற எல்லா அநியாயத்தையும் வாசிச்சேன். ஒருநாள் விடல. ஊர்வலம் ஒண்ணுக்கும் நாங்க வராம இருந்ததில்ல, அன்னைக்கும் வந்தோம். மத்தியானம் ஒரு மணி நேரம் ரெண்டு பேரு ஆசப்பட்டத வாசிச்சா ஒங்க புரட்சிக்குக் கால் ஒடிஞ்சிடுமா? அப்படி ஒடிஞ்சா அந்தக் கால்ல ஏற்கெனவே கோளாறு."

"முக்காலிய விட்டு எறங்கு."

இறங்கினாள். முறத்தை எடுத்துக்கொண்டு ரோகிணிக்கும் நாணியேச்சிக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து, ஒரு இலையை எடுத்து வெட்டத் தொடங்கினாள்.

மறுநாள் மத்தியானம் முக்காலியில் குஞ்ஞம்புவே உட்கார்ந்தார். கெட்டி அட்டை நாவலை விரித்து ஒரு மணி நேரம் வாசித்தார். எல்லோரும் ஒழுங்காகக் கேட்டார்கள். முடிந்ததும் அவர் பக்கத்தில் வைத்திருந்த முறத்தைப் பார்த்தார். அவருக்குச் சங்கத்தில் சம்பளம் உண்டு, பீடி வேண்டியதில்லை. இருந்தாலும் வழக்கம் வழக்கம்தானே. முறத்தில் ஒன்றுமில்லை.

"என்ன, யாரும் கேக்கலையா?"

"கேட்டோம் சகாவே" என்றாள் நாணியேச்சி. "காது கேட்டுச்சு. கைக்குத்தான் புடிக்கல."

அவர் போனதும் சௌமினி தலை நிமிராமல், பீடியின் தலையை மடக்கிக்கொண்டே ஆரம்பித்தாள். "ஷேர்லி அந்தப் பெட்டியத் தொறந்தா." கையில் வாரிகை இல்லை. கொட்டகைக்குள் வரக் கூடாது என்பதைத் தவறாமல் கடைப்பிடித்தார்கள். புதன்கிழமை சாயங்காலம் சௌமினி நாணியேச்சியின் வீட்டுக்குப் போய் இரண்டு முறை படித்து மனதில் ஏற்றிக்கொள்வாள். தாள் இல்லாததால் முக்காலி தேவைப்படவில்லை. கை சும்மா இல்லாததால் யாரும் பீடி போட வேண்டியதுமில்லை. ஆனாலும் போட்டார்கள்.

முக்காலி அவளுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. அவளும் கேட்கவில்லை. ஆண்கள் கொட்டகையிலிருந்து மூன்று பேர் மாறி மாறி வந்து உட்கார்ந்து பார்த்து, கடைசியில் அதன்மேல் தண்ணீர்ப் பானையை வைத்தார்கள்.

அடுத்த வருடம் ரத்தசாட்சிகள் நாள் வந்தது. மாவட்டத் தலைவர் அதே சின்ன நோட்டோடு மேடையேறினார். பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். குஞ்ஞம்பு பக்கத்திலேயே நின்றிருந்தார். ஒரு வருடம் அவருக்கு அவகாசம் இருந்தது, அந்தப் பெயரை அடிக்கச் சொல்ல. ஆனால் அது யாரென்று விளக்கினால், போன வருடம் தான் ஏன் கையை உயர்த்தினோம் என்றும் விளக்க வேண்டியிருக்கும்.

"தோட்டத் தொழிலாளி, சகாவு ஜோய்ச்சனுக்கு!"

குஞ்ஞம்பு கீழே பார்த்தார். முதல் வரிசையில் முப்பத்தொரு பெண்கள். இந்த முறை ஒருத்தி கண்ணிலும் ஈரமில்லை. சௌமினி அவரை நேராகப் பார்த்தபடி, முதலில் கையை உயர்த்தினாள். பக்கத்தில் ரோகிணி, நாணியேச்சி, பின்னால் மற்றவர்கள். மைதானத்திலேயே பெரிய சத்தம் அங்கிருந்துதான் வந்தது.

குஞ்ஞம்புவும் கையை உயர்த்தினார். வேறு என்ன செய்வார்?