கல் சங்கிலி பார்க்கப் போன ஆஞ்சப்பன்

கல் ஏற்ற வந்த வண்டிக்காரன் ஒருவன் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனான். கொம்பமலை அடிவாரத்துப் பழைய கோயிலில், மூன்றாம் மதிலுக்கு உள்ளே, மண்டபக் கூரையிலிருந்து கல்லாலான சங்கிலி தொங்குகிறதாம். வளையத்துக்குள் வளையம், ஒட்டே இல்லாத ஒரே கல்.

அன்று முதல் ஆஞ்சப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மத்தூருக்குப் பக்கத்துப் பாறையில் இருபது வருஷமாகச் சம்மட்டி அடிப்பவன் அவன். கல்லில் வளையம் கடைந்தவன் அதை உடையாமல் எப்படிக் காப்பாற்றினான்? பார்த்தே ஆக வேண்டும். பக்தி ஒன்றும் கிடையாது. அவன் தெருக்காரர்களை உள்ளூர்க் கோயில் வாசலுக்கே விட்டதில்லை. பிறகு பக்தி எங்கிருந்து வரும்? எல்லாரும் எந்தக் கோயிலுக்குள்ளும் போகலாம் என்று சட்டம் வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சட்டம் 1954-லும் மத்தூர்ச் சந்தையைத் தாண்டி அவன் தெருப்பக்கம் வரவில்லை.

"அங்க நம்மள யாருக்குத் தெரியும்? வெளுத்த துணியா கட்டிக்கிட்டு நேரா உள்ள போயிரலாம்" என்றான் மனைவி சென்னம்மாளிடம்.

"பஸ்ஸுக்கு?"

"கால் எதுக்கு இருக்குது?"

களி உருண்டைகளைத் துணியில் முடிந்துகொண்டு நடந்தார்கள். சாமல்பட்டி, ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, அதற்கும் அப்பால். பங்குனி வெயில். அவள் நிழல் கண்ட இடமெல்லாம் உட்காரப் பார்த்தாள், அவன் விடவில்லை. "சங்கிலி எங்கியும் ஓடிராது மாமா" என்று மூன்று முறை சொல்லிப் பார்த்து ஓய்ந்துபோனாள்.

மூன்றாம் நாள் காலையில் கோயில் வாசல். யாரும் எதுவும் கேட்கவில்லை. முதல் மதில் தாண்டியாயிற்று. இரண்டாவதும் தாண்டியாயிற்று. மூன்றாம் வாசலுக்கு முன்னால் தண்ணீர்ப் பந்தல். பந்தல்காரர் சொம்பை நீட்டினார். முன்னால் போனவர்கள் வாங்கி அண்ணாந்து குடித்தார்கள். சென்னம்மாளின் முறை வந்தது. சொம்பைக் கண்டதும் அவள் இடுப்பு தானாக வளைந்தது. இரண்டு கைகளையும் குவித்து வாயருகே வைத்துக்கொண்டு, மேலேயிருந்து ஊற்றட்டும் என்று குனிந்து நின்றாள்.

பந்தல்காரர் சொம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"எந்த ஊரு நீங்க?"

"மத்தூருங்க."

"ஊருக்குள்ளயா, வெளியவா?"

ஆஞ்சப்பனுக்கு ஆத்திரம் மனைவி மேல்தான் வந்தது. "கைய எதுக்குடி ஏந்தின?"

"நாப்பது வருசத்துல எவ என் கையில சொம்பக் குடுத்தா, புடிச்சுக் குடிச்சுப் பழக?"

அவன் சொம்பையும் பந்தல்காரரையும் பார்த்தான். ஆத்திரம் போக வேண்டிய இடத்துக்குத் திரும்பியது.

அதற்குள் கோயிலை நிர்வகிக்கும் மணியக்காரர் வந்துவிட்டார். "சட்டம் இருக்குதுப்பா, யாரு இல்லன்னா? இன்னிக்கு வேண்டாம். இப்படியே நின்னு கும்பிட்டுட்டுக் கிளம்புங்க."

"கும்பிட வரலைங்க. சங்கிலி பாக்க வந்தோம்."

"போலீசக் கூப்பிடணுமா?"

"கூப்பிடுங்க. எங்கள மறிச்சா யார்மேல கேஸுன்னு அவங்களே சொல்லட்டும்."

மணியக்காரருக்குச் சட்டம் தெரியும். அதனால்தான் போலீசைக் கூப்பிடவில்லை. வழிவிட்டு விலகியவர், அவர்கள் பின்னாலேயே கைதட்டிக்கொண்டு வந்தார். "நடங்க, நடங்க, நிக்காதீங்க!" கூட்டம் வேறு சூழ்ந்துகொண்டது. மண்டபத்தில் அண்ணாந்து பார்த்த ஆஞ்சப்பனுக்கு ஒன்பது வளையங்களை எண்ணத்தான் முடிந்தது. வெளியே வந்து திரும்பிப் பார்த்தால், இரண்டு ஆட்கள் குளத்திலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுபோய், அவர்கள் நடந்த தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

மதிலோரம் உட்கார்ந்தார்கள். அவன் களியைப் பிட்டு அவளிடம் நீட்டினான்.

"பாத்தாச்சா?" என்றாள் சென்னம்மாள்.

"எங்க பாத்தேன்? உள்வளையத்துல உளி எப்படிப் போச்சுன்னே தெரியல."

"அப்ப எழுந்திரு. மறுபடியும் போலாம்."

"கழுவுறாங்களேடி."

"கழுவட்டுமே. நமக்கா கை வலிக்குது?"

அவன் மீதிக் களியைத் துணியில் முடிந்தான். பிறகு எழுந்தான்.

இந்த முறை அவள் பந்தலில் நின்று, பலகைமேல் இருந்த சொம்பைத் தானே எடுத்து, நிமிர்ந்து குடித்துவிட்டுத்தான் வந்தாள். மணியக்காரர் கத்தினார். ஆஞ்சப்பன் சங்கிலிக்கு அடியில் இருந்த கல்மேடைமேல் ஏறி, கைக்கு எட்டிய கடைசி வளையத்தின் உட்புறத்தில் விரலை விட்டுத் தடவினான். உளி வைத்தது பாதிதான். மீதி மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்தது, மாசக்கணக்காகத் தேய்த்தது. ஓரிடத்தில் மட்டும் தேய்ப்பு ஆழமாகப் போய்ச் சட்டென்று நின்றிருந்தது.

"இந்த எடத்துல பயந்திருக்கான்" என்றான், கூடவே வேலை செய்தவனைப் பற்றிச் சொல்வதுபோல.

வெளியே வந்தார்கள். மறுபடியும் குடங்கள். மறுபடியும் தரை கழுவல். குடத்தோடு குளத்துப் படியில் நின்ற ஆள் மூச்சு வாங்கக் கேட்டான்: "இன்னொரு தபா போவீங்களா?"

"மேல் வளையம் பாக்கி இருக்குதுப்பா" என்றான் ஆஞ்சப்பன்.

அந்த ஆள் குடத்தைப் படியில் கவிழ்த்து வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். "போய்ட்டு வாங்க. கழுவணும்னா மணியக்காரரே வந்து கழுவட்டும்."