அச்சாபீஸ் பெண் சொன்ன பதில்

சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் நான் வேலை பார்த்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், எங்கள் தலைமையாசிரியர் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். தொழிலாளிகள் வேலை செய்யும் இடத்திலேயே தொழிலை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று கண்டறிய வேண்டும். கேள்வித்தாள் எழுதுவது, பட்டறைகளில் அனுமதி கேட்பது, வெயிலில் அலைவது எல்லாம் என் பொறுப்பு.

தையற்கடை, தச்சுப்பட்டறை என்று ஏறி இறங்கினேன். போன இடமெல்லாம் முதலாளி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். "யார் கற்றுக்கொடுத்தார்கள்?" என்று கேட்டால் எல்லாரும் அவரைக் காட்டுவார்கள். அதையே எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. வீடு திரும்பினால் சட்டையைக் கழற்றவும் அலுப்பாக இருக்கும்.

ராயப்பேட்டை அச்சாபீஸ் ஒன்றில் மட்டும் முதலாளி வெளியே போயிருந்தார். புத்தகம் தைக்கும் பெண் ஒருத்தி, ஊசியை நிறுத்தாமலே சொன்னாள்:

"யாரும் சொல்லித் தரல, வாத்தியாரே. பக்கத்துல குந்திகினு இருந்தவ கையப் பாத்துக்கினே கத்துகினேன். தப்பா தெச்சா அவளே பிரிச்சுக் குடுப்பா. மேஸ்திரிக்குத் தெரியாது."

அத்தனை வாரங்களில் நான் கேட்ட முதல் உண்மை அது. பூரித்துப்போய் அப்படியே எழுதினேன். மேலே அச்சாபீஸின் பெயரையும் குறித்தேன்.

தலைமையாசிரியர் மரியாதைக்காக ஒவ்வொரு முதலாளிக்கும் பதில்களின் நகலை அனுப்பியிருக்கிறார். எனக்கு அது தெரியாது. அடுத்த முறை அந்த அச்சாபீஸுக்குப் போனபோது, பெண்கள் ஆளுக்கொரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா எழுதின, வாத்தியாரே? பேசிக்கினே வேலயக் கெடுக்கறோம்னு பிரிச்சு ஒக்கார வெச்சுட்டாங்க. புதுசா வந்தவ தப்புத் தப்பா தெச்சுகினு கீறா. யாரு காட்டுவா?"

முன்பு பதில் சொன்ன அதே பெண்தான்; குரலை உயர்த்தவில்லை. "என்னால்தான் வந்தது, அம்மா" என்றேன். நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதலாளியிடம் கெஞ்சிப் பார்த்தேன். "உங்க பள்ளிக்கூடத்தை நீங்க பாருங்க" என்று எழுந்துவிட்டார். தலைமையாசிரியரோ, "ஆராய்ச்சிக்கும் இதுக்கும் என்னங்காணும் சம்பந்தம்?" என்றார்.

தலைமையாசிரியரிடம் இன்னும் கொடுக்காத தாள்கள் ஒரு கட்டு என்னிடம் இருந்தது. பெயரும் இடமும் எழுதிய மேல்பகுதியை ஒவ்வொன்றிலும் கத்தரித்துவிட்டுக் கொடுத்தேன். இவை எதற்கும் உதவாது என்று அவர் கோபித்து, வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்தார்.

அந்தப் பெண்கள் மறுபடி சேர்ந்து உட்கார்ந்தார்களா என்று எனக்குத் தெரியாது. போய்ப் பார்க்கத் தெம்பில்லை.