தண்ணீரில் சாகாத இயந்திரம்

மலாக்காவுக்கு வருகிற நம் ஊர்க்காரர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். காஜா பேராங் தெருவில் நெற்றியில் திருநீறு, வாசலில் மாவிலைத் தோரணம், பெயர் மீனாட்சி என்று யாரையாவது பார்த்துவிட்டு, "அக்கா, சௌக்கியமா?" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அவர்கள் சிரிப்பார்கள், பதில் மலாயில் வரும். இவர்கள் செட்டி மக்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன் நம் கரையிலிருந்து வந்து, இங்கேயே பெண்ணெடுத்து, சாமியை விடாமல் பாஷையை மட்டும் விட்டவர்கள். இத்தனை வருஷம் இங்கே குடியிருந்தும், குழாயடியில் அவர்கள் பேசக் கேட்கும்போது எனக்கு ஒரு நிமிஷம் தலை சுற்றத்தான் செய்கிறது. இந்த விஷயம் தெரியாமல் ஒரு மத்தியானம் நான் சாகக் கிடந்தேன்.

அப்போது நான் வந்த புதிது. டவுனில் ஒரு சினிமாக் கொட்டகையில் கூட்டிப் பெருக்கும் வேலை. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று தெருவுக்குத் தெரு வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மேனேஜர் பெருமாளுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அவர் கவலை புதிதாக வந்திறங்கிய ஆங்கிலப் படம். அதன் முதல் பாகம் ஏற்கெனவே ஓடி, ஊரே பார்த்திருந்தது. இரும்பு மனிதர்கள் ஒரு பட்டணத்துக்குள் புகுந்து கண்ணில் பட்டவரையெல்லாம் கொல்வார்கள். கடைசியில் ஏரியில் தள்ளப்பட்டு, உடம்புக்குள் தண்ணீர் புகுந்து அடங்கிப்போவார்கள். இரண்டாம் பாகத்தில் அதே ஏரியிலிருந்து எழுந்து வருகிறார்கள், இனிமேல் தண்ணீர் அவர்களை ஒன்றும் செய்யாது. இதை விளம்பரம் செய்ய, மேனேஜர் மண்ணெண்ணெய்த் தகரங்களை வெட்டி ஓர் இரும்பு மனிதனைச் செய்ய வைத்தார். உள்ளே போட ஓர் ஆள் வேண்டும். கப்பலிலிருந்து இறங்கி, கேட்க நாதியில்லாமல் நான் இருந்தேன்.

தலையை மாட்டியபின், யாரும் பிடுங்கிவிடக் கூடாதென்று பின்கழுத்தில் கம்பி போட்டு முறுக்கினார்கள். கைகளிலும் தகர உறை. வாய் இருக்கும் இடத்தில் நாலு கீறல், அதன் வழியாகத்தான் மூச்சு.

"வாயைத் தொறந்து பேசுன, அடுத்த கப்பல்ல ஏத்திருவேன் லா," என்றார் மேனேஜர். "நீ மிசினு. ஓராங் இல்ல."

ஓராங் என்றால் மனிதன். அவர் பெச்சா என்கிற மூன்று சக்கர ரிக்‌ஷாவில் ஒலிபெருக்கியோடு முன்னால் உட்கார்ந்து வந்தார். நான் உச்சி வெயிலில் தார் ரோட்டில் பின்னால் நடந்தேன். காஜா பேராங் வருவதற்குள் தகரம் தோசைக்கல்லாகிவிட்டது. தோளில் தகரம் ஒட்டி, நடக்கும்போதெல்லாம் தோல் உரிவது தெரிந்தது. கூடிய கூட்டத்திலிருந்து முதலில் கல் வந்தது. பிறகு விறகுக் கட்டை. முதல் பாகத்தில் யாரையெல்லாம் கொன்றேனோ அவர்களுக்காக என்னை அடித்தார்கள். பொம்பளைகளும் அடித்தார்கள், நல்ல குறி.

கீறல் வழியாகப் பார்த்தேன். கூட்டமெல்லாம் திருநீறு பூசிய நெற்றிகள். நம்ம ஜனம் என்று நெஞ்சு குளிர்ந்துபோய், "அம்மா, தண்ணி! ஐயா, கழட்டி விடுங்க! செத்துருவேன்!" என்று கத்தினேன். ஒருவர் முகத்திலும் சலனமில்லை. அங்கே தமிழ் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான், பெச்சாவில் உட்கார்ந்திருந்தார். என் கதறலைக் கேட்டதும் ஒலிபெருக்கியை எடுத்து மலாயில் ஏதோ சொன்னார். கூட்டம் அலறிச் சிரித்தது. என்னிடம் இருந்த மலாய் வார்த்தைகளைத் தேடினேன். ஜாலான், சப்பாட், டியாம். நட, சீக்கிரம், வாயை மூடு. எனக்கு இட்ட கட்டளைகளைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. அதையே கத்தினேன். இயந்திரம் மலாய் பேசுகிறது என்று கை தட்டினார்கள்.

அப்போதுதான் ஒரு பெண் கிணற்றிலிருந்து வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து என் முகத்தில் வீசினாள். இரும்பு மனிதனைக் கொல்லத் தண்ணீர் வேண்டும் என்பது ஊருக்கே தெரியுமே! கீறல் வழியாக ஒரு மடக்கு உள்ளே போனது. என் வாழ்நாளில் அப்படி ஒரு ருசியை அறிந்ததில்லை. அவள் நான் விழுவேன் என்று காத்துக்கொண்டு நின்றாள். விழுந்தால் ஆள் செத்தான் என்று தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். அதனால் விழாமல் நின்றேன். இன்னொரு வாளி வந்தது. இன்னும் ஒன்று. ஊரே கிணற்றுக்கு ஓடியது. எல்லோரும் சேர்ந்து என்னைக் கொல்லப் பார்த்ததில் பிழைத்துக்கொண்டேன்.

"பாத்தீங்களா, தண்ணியில சாவ மாட்டான்!" என்று மேனேஜர் திரும்பி வரும் வழியெல்லாம் பூரித்தார். கொட்டகை நிறைந்தது. மறுநாள் உரிந்த தோளோடு எழுந்ததும் முதல் வேலையாக ஒரு மலாய் வார்த்தையைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தோலோங். காப்பாற்றுங்கள்.

கொட்டகை வேலையை விட்டுவிட்டு வேறு வேலை தேடிக்கொண்டேன். குடியிருக்க அறை கிடைத்தது அந்த வாளிப் பெண்ணின் வீட்டில். நான் மேலே சொன்ன மீனாட்சி அவள்தான். மலாய் பழகியபின் ஒருநாள், அன்று மேனேஜர் ஒலிபெருக்கியில் என்ன சொன்னார் என்று அவளைக் கேட்டேன். "மனித ரத்தம் வேண்டுமாம் என்றார்," என்றாள். சொல்லிவிட்டு என் தட்டில் இன்னும் கொஞ்சம் மீன் வைத்தாள். எனக்கு அந்த மனுஷன்மேல் இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை.

மெர்டேக்காவுக்குப் பின் இந்த நாட்டுப் பிரஜையாகிவிட்டு, போன வருஷம்தான் முதன்முதலாகச் சொந்த ஊரான புதுக்கோட்டைக்குத் திரும்பிப் போனேன். போன வாரத்திலேயே காய்ச்சல் கொளுத்தியது. கண்ணைத் திறக்க முடியவில்லை, உடம்பெல்லாம் தகரமாய்க் கனத்தது. நாக்கு வறண்டு கத்தினேன். கத்தியது என்னவென்று எனக்கே காதில் விழுந்தது: "தோலோங்! தோலோங்!"

"ஐயோ, இது என் தம்பி பேச்சு இல்லடி! என்னமோ வந்து ஏறியிருக்கு," என்று அக்கா அலறினாள். யாரோ என் நெற்றி முழுக்கத் திருநீற்றை அள்ளி அப்பினார்கள். யாரோ வேப்பிலையால் மாறி மாறி அடித்தார்கள். போ, வந்த இடத்துக்கே போ என்று என் சொந்த ஜனம் என்னைச் சுற்றி நின்று கூவியது. உள்ளே இருப்பதை விரட்ட, ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி என் தலையில் கவிழ்த்தார்கள். நான் வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன்.