முனிலட்சுமி இழுத்த லைன்

தளிப் பக்கம் மலையோரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். வீட்டுக்கு வீடு ரோஜாத் தோட்டம். பெங்களூர் வியாபாரி காலையில் வீடியோவில் பூவைப் பார்த்த பிறகுதான் விலை சொல்வார். லைன் இல்லாவிட்டால் அன்றைக்குப் பூவைக் கேட்ட விலைக்குத் தள்ள வேண்டியதுதான்.

அந்த இன்டர்நெட் லைனைக் கொடுப்பவள் முனிலட்சுமி. ஓசூர் கம்பெனி வேலையை உதறிவிட்டு இந்தத் தொழிலில் இறங்கியவள். வாய் கொஞ்சம் நீளம். சம்பந்தமில்லாத சண்டைக்கும் நாற்காலி போட்டு உட்காருவாள். எனக்கு அவளைப் பிடிக்கும்.

எங்கள் ஊர்க் குரங்குகளுக்கு அவளுடைய கேபிளைப் பிடிக்கும். போஸ்டுக்குப் போஸ்ட் தொங்கும் கேபிளில் ஊஞ்சல் ஆடும். உள்ளே இருப்பதோ முடி கனத்தில் கண்ணாடி இழை. ஆட்டம் முடிந்ததும் லைனும் முடிந்துவிடும்.

வெறுத்துப்போனவள் ஓசூர்க் கடைக்குப் போய், இருப்பதிலேயே தடித்ததைக் கேட்டாள். இரும்புத் தகடு சுற்றிய கேபிள் கிடைத்தது. மண்ணில் புதைக்கிற ரகம் அது; அவள் அதைப் போஸ்டில் தொங்கவிட்டாள். காட்டுப்பன்றிக்குக் கம்பி வேலி போட்டுப் பழகிய நாங்களும், இரும்பென்றால் கெட்டி என்று தலையாட்டினோம்.

குரங்குகள் தோற்றன. ஆனால் சித்திரை மழையில் மலைமேல் விழுந்த மின்னல், அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டே ஊருக்குள் வந்துவிட்டது. வீடுவீடாக மோடம் கருகியது. பக்கத்து வீட்டு நாகம்மாவின் புது டிவியும் போயிற்று.

பெரிய தோட்டக்காரர் ரத்தினவேல் கறாராகச் சொன்னார்: "பாரும்மா, இன்னொருக்கா லைன் போச்சுன்னா ஊரே பெரிய நெட் கம்பெனி லைனுக்கு மாறிக்கும்."

முனிலட்சுமி கருகிய மோடங்களைப் பொறுக்கிச் சாக்கில் போட்டாள். ஊர் மாறினால் அவள் தொழில் அத்தோடு சரி.

மறுவாரம் அதே கடையில் போய் உட்கார்ந்தாள். இந்த முறை தடிமன் கேட்கவில்லை.

"எங்க தொங்கப்போவுது, என்ன ஏறும், மேல என்னா விழும், எல்லாம் சொல்றேன். அதுக்கு ஏத்ததைக் குடுங்கண்ணா."

இரும்போ செம்போ துளியும் இல்லாத கேபிளோடு திரும்பினாள். இழுவை தாங்க உள்ளே கெட்டி நார்; அணில் கொறிக்காமலிருக்கக் கண்ணாடி நார்ச் சுற்று.

கையில் தூக்கிப் பார்த்த ரத்தினவேல் சிரித்தார். "துணி காயப்போடற கவுறாட்டம் இருக்குதே!"

"காயப்போட்டுத்தான் பாருங்களேன் மாமா" என்றாள்.

வைகாசியில் ஒரு சாயங்காலம் இடியும் காற்றுமாகப் பிடித்துக்கொண்டது. ஊரே ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கியது. விடிந்து பார்த்தால், தைல மரத்துக் கிளை ஒன்று முறிந்து கேபிளின் மேலேயே கிடந்தது. கேபிள் இடுப்பளவுக்குத் தொங்கியது. போதாக்குறைக்கு அதன்மேல் நாலு குரங்கு.

அன்றைக்கென்று பார்த்து அந்த நெட் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். அந்தக் கயிற்றை நம்பாமல் அவர்களை முன்கூட்டியே வரச்சொன்னதே ரத்தினவேல்தான். முனிலட்சுமி ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளையை அறுக்கப் போய்விட்டாள்.

கரண்ட் இல்லை. ரத்தினவேல் இன்வெர்ட்டரில் மோடத்தைப் போட்டு, செல்லைக் கையில் எடுத்தார். நாங்கள் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தோம். பெங்களூர் வியாபாரி பல் துலக்கிக்கொண்டே திரையில் தெரிந்தார், பிரஷ்ஷில் இருந்த நுரைகூடத் தெளிவாக! நாகம்மா கைதட்டிவிட்டாள். நான் விசிலே அடித்தேன்.

ரத்தினவேல் வாசலுக்கு வந்தார். "நீங்க கெளம்புங்க தம்பிங்களா. எங்க லைன் நல்லாத்தான் இருக்குது."

அவர்கள் வண்டியைத் திருப்பும்போது ஏணி மேலிருந்து முனிலட்சுமியின் குரல் வந்தது.

"எங்க போறீங்க, இருங்க! பக்கத்தூருக்கும் லைன் இழுக்கறேன். போஸ்ட் நட ஆளு வேணும், வர்றீங்களா?"