மறுபடி மிஸ்

பழைய மஞ்சள் டேப்பின் ஒரு முனையை நகத்தால் கிளப்பி, காயம் ஆறிய இடத்துப் பிளாஸ்திரியை எடுப்பதுபோல மெதுவாக இழுத்தன அந்தக் கைகள். முப்பத்தெட்டு பேர் நான்கு மாதம் மிதித்துத் தேய்த்த டேப் அது. சில இடங்களில் நூல் நூலாகத்தான் வந்தது. தரையில் மிச்சமிருந்த பசையை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து, ஈரம் உலரும்வரை காத்திருந்து, வகுப்பறை வாசலுக்கு வெளியே சரியாக இரண்டடி தள்ளிப் புது டேப்பை ஒட்டத் தொடங்கின. ஒரு சாண் ஒட்டுவது, கட்டைவிரலால் நீவுவது, மறுபடி ஒரு சாண். நடுவில் ஒரு காற்றுக்குமிழி நின்றுவிட்டது. பிரித்து, முதலிலிருந்து ஒட்டின.

"என்ன டீச்சர், நாளையிலேருந்து லீவு. இன்னைக்கும் தரையோட மல்லுக்கட்டா?" என்றார் வராந்தாவைப் பெருக்கிக்கொண்டு வந்த அக்கா.

"கோடு கிழிஞ்சிருந்தா, கிழிஞ்ச இடத்தைப் பாத்து எவனாவது நுழைவான்க்கா."

டீச்சரால் முட்டி போட முடியவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து கொண்டுவந்த குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, அதோடு சேர்ந்து நகர்ந்து நகர்ந்து ஒட்டினார். நாளைக் காலை அந்த முட்டிக்குத்தான் அறுவைச் சிகிச்சை. ஆறு வாரம் பள்ளிக்கூடத்துப் பக்கம் வர முடியாது. இன்று பத்து மணிக்கு மாற்று ஆசிரியர் வருகிறார். தலைமையாசிரியை போன வாரமே கறாராகச் சொல்லிவிட்டார்.

"வர்றவரு ஒரு வாரத்துல அழுதுக்கிட்டு என் ரூமுக்கு வந்தாருன்னா, ஏழாம் வகுப்பு 'உ' பிரிவுன்னு ஒண்ணு இருக்காது டீச்சர். முப்பத்தெட்டு பேரையும் பிரிச்சு மத்த நாலு பிரிவுலயும் போட்டுடுவேன். நீங்க இருக்கும்போது ஒழுங்கா இருக்காங்க, ஒத்துக்கறேன். நீங்க இல்லாதப்போ எப்படின்னு பாக்கணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. போன வருடம் இதே பிள்ளைகள் மூன்று ஆசிரியர்களை ஓடவிட்டிருந்தார்கள். அ, ஆ, இ, ஈ என்று நான்கு பிரிவுகளையும் நிரப்பியபின் மிஞ்சியவர்களை அள்ளிப்போட்ட பிரிவுதான் 'உ'. "உ-ன்னா உதவாக்கரை" என்று ஆசிரியர் அறையில் கணக்கு சார் சொல்ல, அது பிள்ளைகள் காதுக்கும் போய், அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு ஆகியிருந்தது.

டீச்சர் பிறவி டீச்சர் அல்ல. இதே பள்ளி அலுவலகத்தில் எட்டு வருடம் தட்டச்சு செய்தவர். ஒரு எழுத்துப் பிசகினாலும் தாளை உருவிவிட்டு முதலிலிருந்து அடிப்பார். அழிப்பான் வைத்துத் தேய்த்து ஒப்பேற்றுவது அவருக்குப் பிடிக்காது. வேலைக்கு நடுவே அஞ்சல்வழியில் படித்துப் பட்டம் வாங்கி, நாற்பதாவது வயதில் அலுவலகத்திலிருந்து வகுப்பறைக்கு மாறினார். படித்த புத்தகங்களில் பாடம் நடத்துவது எப்படி என்று இருந்தது. முப்பத்தெட்டு பேரை ஒரு கதவு வழியாக உள்ளே கொண்டுவருவது எப்படி என்று எதிலும் இல்லை. வேறு யாரும் கேட்காத வகுப்பு என்பதால், புதியவருக்கு 'உ' பிரிவு தானாக வந்து சேர்ந்தது.

முதல் நாளைக்காக இரண்டு வண்ணத்தில் ஒரு அட்டை எழுதிக்கொண்டு போனார். பதினோரு வரி. ஓடாதே. கத்தாதே. தள்ளாதே. குறுக்கே பேசாதே. மேஜையில் கிறுக்காதே. இப்படியே கீழே வரை. எழுத்து அச்சுப்போல இருந்தது. சுவரில் மாட்டிவிட்டு, "புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது மிஸ்" என்று முப்பத்தெட்டு குரலும் கோரஸ் பாடின.

மூன்றாவது நாள் அவர் கதவருகே வரும்போது உள்ளே மேஜைகள் அதிர்ந்தன.

"ஓடாதே, கத்தாதே, தள்ளாதே, டம் டம்! பேசாதே, கிறுக்காதே, தூங்காதே, டம் டம்!"

எல்லா வரியும் ஒரே மாதிரி முடிந்தால் பிள்ளைகள் சும்மா விடுவார்களா? மெட்டுக் கட்டிவிட்டார்கள். அன்றைக்கே பட்டப்பெயரும் விழுந்தது: ஆதே மிஸ்.

அந்த வார முடிவில், வராந்தாவில் தலைதெறிக்க ஓடிவந்த ஒரு பெண்ணைப் பிடித்து நிறுத்தினார். வாயை மூடவே தெரியாததால் வகுப்பில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர்.

"அட்டையில என்ன எழுதியிருக்கு?"

"ஓடாதேன்னு எழுதியிருக்கு மிஸ்."

"அப்புறம்?"

"ஓடக்கூடாதுன்னா எப்படி மிஸ் வரணும்? தவழ்ந்தா, உருண்டா? அதை நீங்க எழுதவே இல்லியே."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சருக்கு முகம் சுட்டது. வீட்டுக்குப் போனதும் பையைக்கூடக் கழற்றாமல் கணவரிடம் கொட்டித் தீர்த்தார். கணவர் பஸ் டிரைவர். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பொண்ணு கேட்டதுல என்ன தப்பு?"

"என்னங்க நீங்களும்! என்னைக் கிண்டல் பண்ணியிருக்கா."

"கிண்டல்தான். கேள்வி சரியாத்தானே இருக்கு? நான் வண்டி கத்துக்கிட்டப்போ எங்க வாத்தியார் 'இடிக்காதே, இடிக்காதே'ன்னு மட்டும் சொல்லியிருந்தாருன்னா, இந்நேரம் பாதி ஊரை இடிச்சிருப்பேன். கிளட்சை மிதி, கண்ணாடியைப் பாரு, மெதுவா திருப்புன்னுதான் சொன்னாரு. அதையும் நூறு தடவை பண்ண வெச்சாரு."

மறுநாள் காலையில் டீச்சர் அட்டையைக் கழற்றிச் சுருட்டி அலமாரி மேலே போட்டார். கடையில் ஒரு மஞ்சள் டேப் வாங்கினார்.

அடுத்த பத்து நாள் அந்த வகுப்பில் பாடம் என்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. உள்ளே வருவது எப்படி என்பதுதான் பாடம். கோட்டில் நில்லுங்கள். முன்னால் இருப்பவர் வாசலைத் தாண்டியதும் அடுத்தவர் நடந்து வாருங்கள். பையைக் கொக்கியில் மாட்டுங்கள். பலகையில் எழுதியிருக்கும் முதல் கேள்வியைச் செய்யத் தொடங்குங்கள். தவறு செய்தால் திட்டு கிடையாது, தண்டனை கிடையாது. அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வார்: "மறுபடியும்." மொத்தப் பேரும் வெளியே போய்க் கோட்டில் நின்று, முதலிலிருந்து வர வேண்டும். முதல் நாள் பதினான்கு தடவை வந்தார்கள். பதினைந்தாவது தடவைக்கு மணி அடித்துவிட்டது.

சத்தத்துக்கும் அவர் அளவு வைத்தார். பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்டால் காதுப் பேச்சு. நான்கு பேருக்குக் கேட்டால் மேஜைப் பேச்சு. வகுப்புக்கே கேட்டால் மேடைப் பேச்சு. எந்த வேலைக்கு எந்தப் பேச்சு என்று வேலை தொடங்கும்முன் சொல்லிவிடுவார். பென்சில் சீவப் போகிறேன் என்று சாக்குச் சொல்லி ஊர்வலம் போகிறவர்களுக்காக ஜன்னலோரம் இரண்டு டப்பா வைத்தார். ஒன்றில் 'கூர்', மற்றதில் 'மொட்டை' என்று எழுதியிருந்தது. மொட்டையைப் போட்டுவிட்டுக் கூரை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

ஆசிரியர் அறையில் கணக்கு சார் விடவில்லை.

"பத்து நாளா கதவைத் திறந்து மூடறீங்களாமே டீச்சர். தாழ்ப்பாளுக்கும் பரீட்சை வெச்சிடுவீங்க போலிருக்கே!"

"வெச்சா உங்க வகுப்புக் கதவுதான் சார் முதல்ல ஃபெயிலாகும். நீங்க சாத்துற சத்தம் எங்க வகுப்புல மேடைப் பேச்சு."

சிரிப்பு அடங்க நேரமானது. ஆனால் டீச்சருக்கு உள்ளுக்குள் உதறல்தான். பத்து நாள் பாடத்தை எப்படி ஈடுகட்டுவது? மூன்றாவது வாரம் அதற்குப் பதில் கிடைத்தது. மணி அடித்து இரண்டாவது நிமிடம் முப்பத்தெட்டு பென்சிலும் தாளில் ஓடிக்கொண்டிருந்தன. மற்ற வகுப்புகளில் அப்போதுதான் "உட்காருங்க, உட்காருங்க" என்ற கூப்பாடு கேட்டது. ஒவ்வொரு பாடவேளையிலும் எட்டு நிமிடம் மிச்சம். காலாண்டுப் பரீட்சைக்கு முன் விட்ட பாடத்தைப் பிடித்தாகிவிட்டது.

எல்லாம் கைகூடிவிட்டது என்று நினைத்த ஆறாவது வாரத்தில் சறுக்கியது அவரேதான். அன்று முட்டி வலி உயிரை எடுத்தது. இரண்டு பையன்கள் கொக்கிக்காகப் போட்டிபோட்டு ஓடினார்கள். அவரை அறியாமல் தொண்டை கிழியக் கத்திவிட்டார்: "ஏய், ஓடாதே!"

இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து மெதுவாக ஒரு மேஜை பேசியது. டம். டம்.

ரேடியோ இடது கையை உயர்த்தினாள்.

"என்ன?"

"மிஸ், நீங்க சொன்னதுதான். திட்டெல்லாம் இல்ல. கோட்டுக்குப் போயி மறுபடியும்."

டீச்சர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். போனால் காலத்துக்கும் சிரிப்பார்கள். போகாவிட்டால், கோடு பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று ஆகிவிடும். அப்புறம் அது வெறும் டேப். எட்டு வருடம் தட்டச்சுத் தாளை உருவிய கைகளுக்கு விடை தெரிந்தேயிருந்தது. நொண்டி நொண்டி வெளியே போனார். கோட்டில் நின்றார். நடந்து உள்ளே வந்தார். அந்த இரண்டு பையன்களையும் பார்த்து, மேஜைப் பேச்சில் சொன்னார்: "நடந்து போங்க."

யாரும் சிரிக்கவில்லை. அந்த இருவரும் சொல்லாமலே வெளியே போய்க் கோட்டில் நின்றார்கள். பின்வரிசை மேஜையைத் தட்டியவனும் அவர்கள் பின்னால் போய் நின்றான்.

அன்றோடு ஆதே மிஸ் போய்விட்டார். மறுபடி மிஸ் வந்தார். அந்தப் பெயரை முதன்முதலாக வராந்தாவில் கேட்டபோது, டீச்சர் காதில் விழாத மாதிரி நடந்தார். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் சிரித்தார்.

அறுவைச் சிகிச்சைத் தேதி குறித்ததும், வருகிறவருக்காக ஒரு தாள் எழுதும்படி பிள்ளைகளிடம் சொன்னார். "இந்த வகுப்பைப் பாத்தே இருக்காத ஒருத்தர் படிச்சா, அவருக்குப் புரியணும். நீங்களே எழுதுங்க." இரண்டு நாள் சண்டை நடந்தது. 'அமைதியாக இருப்போம்' என்று ஒருவன் எழுத, ரேடியோ அந்த வரியை அடித்தாள். "எவ்வளவு அமைதி? புது சாருக்கு அளவு தெரியாதுல்ல? காதுப் பேச்சுன்னு எழுது, அடைப்புக்குள்ள விளக்கம் போடு." தினமும் தாமதமாக வந்து 'அரைமணி' என்று பெயர் வாங்கியவன், தாமதத்தைப் பற்றி எழுதும் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கினான். 'தாமதமாக வருகிறவர் சத்தமில்லாமல் கடைசி வரிசைக்கு வந்து உட்காருவார். காரணத்தை வகுப்பு முடிந்ததும் கேளுங்கள். காரணம் கொஞ்சம் நீளமாக இருக்கும்.'

இன்று காலை, டேப் ஒட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, அந்தத் தாளைக் கடைசியாக ஒருமுறை படித்தார் டீச்சர். பதினோரு வரி. ஒன்றில்கூட 'ஆதே' இல்லை. ஆனால் நேற்றுவரை இல்லாத பன்னிரண்டாவது வரி ஒன்று, அடியில் ரேடியோவின் கோணல் எழுத்தில் இருந்தது. கை சிவப்புப் பேனாவைத் தேடிப் போனது. பாதி வழியில் நின்று, திரும்பி வந்தது.

பத்து மணிக்குப் பிள்ளைகள் புதுக் கோட்டில் நின்றிருந்தார்கள். மாற்று ஆசிரியர் வந்தார். இளவயசு, கஞ்சி போட்ட சட்டை, பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். ஆசிரியர் அறையில் அவருக்கு உதவாக்கரைக் கதை முழுக்கச் சொல்லியாகிவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. வரிசையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விறுவிறுவென்று உள்ளே போனார். பையை மேஜையில் வைத்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு உரக்கச் சொன்னார்.

"எல்லாரும் உள்ள வாங்க! பேசாதீங்க! தள்ளாதீங்க!"

யாரும் பேசியிருக்கவில்லை. யாரும் தள்ளியிருக்கவில்லை. முப்பத்தெட்டு பேரும் கோட்டில் நின்றபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வரிசைக் கடைசியில் ஒரு கை, தொடையில் மெல்லத் தட்டியது. டம்.

டீச்சர் வராந்தாச் சுவரில் சாய்ந்திருந்தார். வராந்தாக் கோடியில் தலைமையாசிரியை கை கட்டி நிற்பது தெரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், வகுப்பு அடங்கிவிடும். நாளைக்கு யார் சொல்வது? உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

தொடையில் தட்டிய கையை அரைமணியின் முழங்கை இடித்தது. தட்டல் நின்றது. ரேடியோ இடது கையை உயர்த்தினாள்.

"என்னம்மா?" என்றார் புது சார், கொஞ்சம் பயந்து.

"சார், திட்டெல்லாம் இல்ல சார். தப்பா எடுத்துக்க வேணாம். கோட்டுலேருந்து மறுபடியும்."

புது சார் திகைத்து டீச்சரைப் பார்த்தார். டீச்சர் குனிந்து, டேப்பின் முனை சரியாக ஒட்டியிருக்கிறதா என்று மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். புது சாரின் காது மடல்கள் சிவந்தன. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வந்து, வரிசையின் கடைசி ஆளாகக் கோட்டில் நின்றார்.

முன்னால் நின்றவன் நடந்து உள்ளே போனான். அடுத்தவன். அடுத்தவள். பைகள் ஒவ்வொன்றாகக் கொக்கியில் ஏறின. யாரோ மொட்டையைப் போட்டுக் கூரை எடுத்தார்கள். கடைசியில் கோட்டில் புது சார் மட்டும் நின்றார். உள்ளே முப்பத்தெட்டு பென்சில்கள் தாளில் உரசும் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். தன் அறைக்குத் திரும்பி நடந்தார்.

"எப்படி டீச்சர் இது?" என்றார் புது சார், காதுப் பேச்சில்.

"எல்லாம் இதுல இருக்கு சார். பிள்ளைங்களே எழுதியிருக்காங்க."

அவர் நீட்டிய தாளைப் புது சார் வாங்கினார். அவர் கண் வரிவரியாக இறங்கி, அடியில் கோணலாக எழுதியிருந்த கடைசி வரியில் நின்றது.

'பயப்படாதீங்க சார்.'